திரைக்குப் பின்னிருந்த குரல்

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச்சேலை எடுக்க வருவோரில் மிகச் சிலரே ஊரின் தென்மேற்கே, வேகவதி ஆற்றை ஒட்டியுள்ள திருப்பருத்திக்குன்றம் வரை வருகின்றனர். ஜினகாஞ்சி எனப் பெயர்பெற்ற சமணத் தலம் அது. அங்குள்ள திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகர அமைச்சர் இருகப்பர் 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய சங்கீத மண்டபத்தில் அமரும்போதெல்லாம், அதற்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பு வாழ்ந்த ஒரு துறவி என் நினைவுக்கு வருகிறார். அவர் அகளங்கர், 8ஆம் நூற்றாண்டின் திகம்பர சமணத் தருக்க ஆசான்.

அவரது வாழ்வை வரலாற்றைவிடக் கதைகளே மிகுதியாகச் சொல்கின்றன. அகளங்கரும் தம்பி நிகளங்கரும் பௌத்தத் தருக்கத்தைக் கற்க விரும்பி, தம் சமயத்தை மறைத்து ஒரு விகாரையில் மாணவராயினர். சமணக் கொள்கை பற்றிய பாடத்தில் பிழைபட்ட ஓரிடத்துக்குப் பொருள் காணாமல் ஆசிரியர் எழுந்துபோக, அகளங்கர் எவரும் அறியாமல் அதைத் திருத்தினார். அந்தத் திருத்தமே காட்டிக்கொடுத்தது.

ஐயம் கொண்ட ஆசிரியர், தரையில் வைத்த அருகன் சிலையைத் தாண்டுமாறு மாணவர்களைப் பணித்தார். அகளங்கர் அதன்மேல் ஒரு நூலிழையை இட்டு, அது இனி ஆடையற்ற அருகன் அல்ல என மனத்தில் கொண்டு தாண்டிவிட்டார். ஆனால் நள்ளிரவில் பாத்திரங்கள் பேரொலியுடன் உருட்டப்பட்டபோது, திடுக்கிட்டு எழுந்த சகோதரர்களின் வாயில் வந்தது அருகனின் பெயர். தப்பியோடுகையில் அண்ணன் தாமரைக் குளத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தார், தம்பி கொல்லப்பட்டார்.

பின்னாளில் இமசீதள மன்னனின் அவையில் பௌத்தரோடு பெருவாதம் நடந்தது. அந்த அவையைக் கலிங்கத்தில் வைக்கும் கதையும் உண்டு. காஞ்சியில் வைப்பது நம் பக்கத்து மரபு. திரைக்குப் பின்னிருந்து வந்த விடைகள் நாள்கணக்கில் பிசகவே இல்லை. பேசியது மனிதர் அல்லர், குடத்துள் இறக்கப்பட்டிருந்த தாரா தேவி. இதை உணர்ந்த அகளங்கர் புதிய வாதம் எதையும் எடுக்கவில்லை. முன்பு சொன்ன விடையை மீண்டும் சொல்லுமாறு கேட்டார். சொன்னதைத் திரும்பச் சொல்ல இயலாத குரல் மௌனமானது. திரை விலகியது, குடம் உடைந்தது. 12ஆம் நூற்றாண்டின் சிரவணபெளகொளக் கல்வெட்டு ஒன்றும் இவ்வெற்றியைப் போற்றுகிறது.

இக்கதையை நான் சமயப் பெருமையாகப் படிப்பதில்லை. ஒரு கணிதக் கேள்வியாகவே படிக்கிறேன். எல்லாம் அறிந்த ஒருவர் சொல்வது மெய்தானா என்பதை, அவரைவிடக் குறைவாக அறிந்தவர் எப்படிச் சோதிப்பது? சரிகையைச் சோதிப்பவர் விற்பவர் நீட்டும் இழையை ஏற்பதில்லை; தாமே ஓர் இழையை உருவிப் பார்க்கிறார். இந்த உத்தியை 1985இல் கணினியியலாளர்கள் ஊடாட்ட நிரூபணம் என்ற கோட்பாடாக வகுத்தனர். அவர்களுள் ஒருவரான லாஸ்லோ பாபாய், கேட்பவருக்கு ஆர்தர் என்ற அரசனின் பெயரையும், விடை சொல்பவருக்கு மெர்லின் என்ற மாயாவியின் பெயரையும் வைத்தார். நம் ஊர்க் கதையிலும் அரசவை உண்டு, மாயக் குரலும் உண்டு.

இத்தகைய உரையாடலுக்கு ஆகும் செலவை அளக்கும் துறையை 1979இல் ஆண்ட்ரூ யாவ் தொடங்கிவைத்தார். இருவரிடமுள்ள இரு நெடிய சுவடிகள் ஒன்றேதானா என ஐயமின்றி அறிய, ஏறத்தாழ ஒரு சுவடி முழுவதையும் சொல்லியாக வேண்டும். சிறு பிழைவாய்ப்பை ஏற்றுக் குருட்டாம்போக்கில் சோதித்தால் மிகச் சில இலக்கங்களே போதும். ஆனால் ஆர்தரும் மெர்லினும் சேர்ந்த உரையாடலுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு பேச்சுத் தேவை என்ற எல்லையை நிறுவுவது மிகக் கடினம். பெரும்பாலான வினாக்கள் நீண்ட பேச்சைக் கேட்பவை என்பது எண்ணிக்கை வாதத்தால் தெரியும். இதோ அப்படிப்பட்ட ஒன்று என விரல் நீட்டி ஒரே ஒரு வினாவையேனும் காட்டி நிறுவ இன்னும் எவராலும் முடியவில்லை.

அகளங்கரின் உண்மையான பெருமை குடத்தை உடைத்ததில் இல்லை. பௌத்த அறிஞர் தர்மகீர்த்தியின் தருக்கத்தை ஊன்றிக் கற்று, அதற்கு விடையாக நியாயவினிச்சயம் போன்ற நூல்களை எழுதியதில் இருக்கிறது. எதிராளியின் பாடத்தை அவரைப் போலவே அறிந்தவருக்குத்தான் சரியான மறுகேள்வி வாய்க்கும்.

ஆனால் ஒன்று என்னை உறுத்துகிறது. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சி நாட்டைப் பற்றி எழுதிய சீனப் பயணி யுவான் சுவாங், அங்கு நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்கள் இருந்ததாகக் குறித்தார். இன்று அவற்றின் தடமே அரிது. வாதத்தில் தோற்றவர்களின் கதை நமக்கு வென்றவர்களின் வாய்வழியாகவே வந்திருக்கிறது. அகளங்கர் அன்று கேட்டது போல, சொன்னதைத் திரும்பச் சொல்லுமாறு அவர்களை நாம் கேட்க முடியாது. மறுகேள்விக்கு விடை சொல்ல எதிரில் ஆள் இல்லாதபோது, வெற்றி எவ்வளவு பெரியதாயினும் அது நிரூபணம் ஆகாது.