பல்லாவரத்தில் பறந்த விமானம்

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம் செல்லும் பெருவழியில் பல்லாவரத்தைக் கடக்கும் நேயர்களுள் எத்தனை பேர் 1910-ம் வருஷம் மார்ச் மாதத்தை நினைக்கிறார்கள்? சென்னையிலேயே கட்டப்பட்ட ஓர் ஆகாய விமானம் அம்மாதம் அங்கே தரையை விட்டு எழும்பிற்று. அதைச் செய்வித்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸின் சரித்திரம் நம் வாலிபர்கள் அறியத்தக்கது.

ஐரோப்பாவிலிருந்து வந்து சென்னையில் குடியேறிய அவர், மவுண்ட் ரோடில் தம் பெயரால் ஒரு ஹோட்டல் நடத்திக் கீர்த்தி பெற்றவர். யந்திர சாஸ்திரம் அவருடைய ஜீவனோபாயமன்று. எனினும் 1909 ஜூலை 25-ல் பிளேரியோ என்ற பிரெஞ்சுக்காரர் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த செய்தி அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. சீமைக்கு எழுதி விமானம் தருவிக்க அவர் நினைக்கவில்லை. தாமே அமைப்பை வகுத்து, 1840 முதல் சென்னையில் கோச்சு வண்டிகள் கட்டி வந்த சிம்ப்ஸன் கம்பெனியிடம் வேலையை ஒப்புவித்தார்.

வண்டிப் பட்டறையில் விமானமா என்று வியக்க வேண்டுவதில்லை. அந்நாளைய விமானம் பெரும்பாலும் மரமும் துணியும் கம்பியுமே. வீட்டுக்கு உத்திரம் எப்படியோ, இறக்கைக்கு அதன் நெடுகிலும் ஓடும் விட்டம் அப்படி. பறக்கும்போது காற்று இறக்கையை மேல்நோக்கி வளைக்கும். விட்டத்தின் மேற்புறம் அமுங்கும், கீழ்ப்புறம் இழுபடும். நடுப்பகுதியில் இவ்விரண்டும் குறைவு. ஆதலால் நடுமரத்தைக் குடைந்து பாரத்தைக் குறைத்தாலும், ஓரங்களைக் கனமாக விட்டால் பலம் அதிகம் குன்றாது. ஆனால் மரத்தின் இழை நேராக ஓட வேண்டும். கணுவோ வெடிப்போ கூடாது. முடித்த இறக்கையின்மேல் மணல் மூட்டைகளை அடுக்கிச் சோதிப்பதும் விமானம் கட்டுவோர் வழக்கம். நுகத்தடிக்கு மரம் தேரும் விழுப்புரத்துத் தச்சனுக்கும் திண்டிவனத்துத் தச்சனுக்கும் இம்மர ஞானம் புதிதன்று. பட்டறையின் கைத்திறனை நம்பியே ஏஞ்சலிஸ் தம் உயிரைப் பணயம் வைத்தார்.

பல்லாவரத்தில் சோதித்த பின், சென்னைத் தீவுத்திடலில் ஜனங்கள் காண அவர் விமானத்தைக் காட்டினார். அலகாபாத்தில் பெக்கே என்பார் 1911 பிப்ரவரி 18-ல் தபால் மூட்டையுடன் பறந்ததைத் தேசமெங்கும் கொண்டாடுகிறோம். அவ்விமானம் கப்பலில் வந்தது. அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்திய நம்முடையதோ இங்கேயே பிறந்தது.

இம்முயற்சியை வளர்ப்பார் இல்லாமற் போயிற்று. 1940-ல் பெங்களூரில் வால்சந்த் ஹீராசந்தின் முயற்சியால் விமானத் தொழிற்சாலை தோன்றும் வரை முப்பது வருஷங்கள் வீணே கழிந்தன. அறிவும் கரமும் இருந்தும் ஆதரிப்பாரின்றேல் தொழில் நிலைக்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கலாசாலையில் கணக்குப் பயின்ற வாலிபன் பட்டறைக்குச் செல்லட்டும். உளி பிடித்தவனுக்குக் கணக்கின் வாயில் திறக்கட்டும். இவ்விருவரையும் ஓரிடத்தில் சேர்ப்பதே ஏஞ்சலிஸுக்கு நாம் செய்யத்தக்க மரியாதையாகும்.