ஐசன்ஹோவரைப் படுக்கையில் தள்ளிய நெஞ்சு வலி

இரண்டாம் உலகப் போரில் மேற்கு ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் ட்வைட் ஐசன்ஹோவர். 1890-இல் டெக்ஸாஸில் பிறந்து, கான்ஸாஸில் எளிய குடும்பத்தில் வளர்ந்தவர். தந்தை வெண்ணெய்த் தொழிற்சாலை ஒன்றில் மெக்கானிக். 1915-இல் ராணுவக் கல்லூரியில் தேறியவர், படிப்படியாக உயர்ந்து 1953-இல் அமெரிக்க ஜனாதிபதியானார்.

நாளொன்றுக்கு நாலு பாக்கெட் சிகரெட் பிடித்தவர் அவர். டாக்டர்கள் எச்சரிக்கவே, 1949-இல் ஒரேயடியாக விட்டுவிட்டார். ஆனால் வேலைப் பளுவும் முன்கோபமும் விடவில்லை.

1955 செப்டம்பர் 23 அன்று டென்வர் நகரில் கால்ஃப் ஆடிக்கொண்டிருந்தார். டெலிபோன் அழைப்புகள் குறுக்கிட்டு எரிச்சலூட்டின. மாலையில் வயிறு சரியில்லை. மதியம் தின்ற வெங்காயத்தின் கோளாறு என்று நினைத்தார். நள்ளிரவுக்குப் பின் நெஞ்சு வலி எடுத்தது. மனைவி வயிற்றுக்கான மருந்தைக் கொடுத்தார். டாக்டர் வந்தார். அஜீரணம் என்றே முதலில் நிருபர்களுக்கும் சொல்லப்பட்டது. மறுநாள் பிற்பகல் ஈ.சி.ஜி. எடுத்த பிறகே மாரடைப்பு என்று உறுதியாயிற்று.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு செல்லும் குழாய்களில் நாளடைவில் கொழுப்பு படிகிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், தசையின் ஒரு பகுதி செத்துவிடுகிறது. பாஸ்டனிலிருந்து வந்த இதய நிபுணர் பால் டட்லி வைட் இதைப் பத்திரிகைகள் மூலம் நாட்டுக்கே பாடம்போல் விளக்கினார். இதய நோயாளி அசையாமல் கிடக்க வேண்டும் என்ற அக்கால வழக்கத்தை மாற்றி, மெல்ல மெல்ல எழுந்து உட்காரவும் நடக்கவும் வைத்தார்.

ஏழு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து வெளிவந்தார் ஐசன்ஹோவர். கொழுப்பு உணவைக் குறைத்தார், எடையைக் கவனித்தார், வேலைக்கு நடுவே ஓய்வெடுத்தார். 1956-இல் மீண்டும் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1959 டிசம்பரில் டில்லிக்கு வந்தபோது ராம்லீலா மைதானத்தில் ஜனசமுத்திரம் திரண்டது. 1968-இல் மாரடைப்பு மறுபடி மறுபடி தாக்கியது. 1969 மார்ச் 28 அன்று, 78-ஆம் வயதில் காலமானார். முதல் மாரடைப்புக்குப் பிறகு அவர் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல்.

புகை, ரத்த அழுத்தம், ரத்தத்தில் மிகுந்த கொழுப்பு, சர்க்கரை வியாதி, உட்கார்ந்தே செய்யும் வேலை ஆகியவை இந்நோய்க்கு வழிகோலுவன. அவற்றைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. நெஞ்சை அழுத்தும் வலி தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்கலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜனாதிபதிக்கே நேர்ந்த தாமதம் மற்றவர்க்கு நேராதிருக்கட்டும்.