பூட்டிய அறையில் ஒரு மிஷனெரியின் மனைவி
டாரதி கேரி அம்மாள் (1756 – 1807)



வில்லியம் கேரியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்: செருப்புத் தைத்தவர், கப்பலேறி இந்தியாவுக்கு வந்தவர், வங்காளிகளுக்கு அவர்கள் பாஷையில் வேதத்தைக் கொடுத்தவர். அந்தத் தேவ மனுஷனுடைய வீட்டில் ஒரு அறை பல வருஷம் பூட்டியே கிடந்தது. உள்ளே இருந்தது அவருடைய சொந்த மனைவி. மிஷனெரிக் கூட்டங்களில் இந்த அம்மாளின் பெயரை நாம் சொல்வதே அபூர்வம். சொன்னாலும், ஊழியத்துக்குத் தடையாக இருந்தவள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது நியாயமில்லை. ஆகவே இந்த மாதம் டாரதி அம்மாளின் சரித்திரம்.

இங்கிலாந்தில் நார்தாம்ப்டன் பக்கம் ஒரு சின்னக் கிராமம். டாரதி பிளாக்கெட் அங்கே 1756-ல் பிறந்தவள். 1781 ஜூன் மாதம் கேரிக்கு வாழ்க்கைப்பட்டாள். மாப்பிள்ளைக்கு வயது 19, பெண்ணுக்கு 25. எழுதப் படிக்கத் தெரியாததால் கலியாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி போட்டாள். கணவரோ தோல் தைத்துக்கொண்டே லத்தீன், கிரேக்கு, எபிரெயு என்று கற்றுக்கொண்டு போனவர். வீட்டில் எப்போதும் பணக்கஷ்டம். முதல் பெண் குழந்தை ஜுரத்தில் மரித்தது. பின்னால் பிறந்த இன்னொரு பெண் குழந்தையும் தவறியது. இந்தியா என்ற பேச்சு எழும்புவதற்கு முன்பே இந்தத் தாய் இரண்டு குழந்தைகளைப் புதைத்தவள் என்பதை மறக்க வேண்டாம்.

1792 அக்டோபரில் பாப்டிஸ்ட் மிஷனெரிச் சங்கம் ஸ்தாபனமாயிற்று. அடுத்த ஜனவரியில் கேரி இந்தியாவுக்குப் போக ஒப்புக்கொண்டார். டாரதி அப்போது கர்ப்பிணி. மாட்டேன் என்றாள். கேரி மூத்த மகன் பெலிக்ஸை மட்டும் கூட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளிடமிருந்து மூத்த பையனையும் பிரித்துக் கொண்டு போனால் அவள் மனசு என்ன பாடுபடும்?

அனுமதிச் சீட்டு இல்லாததால் அந்தக் கப்பலிலிருந்து அவர்களை இறக்கிவிட்டார்கள். அதற்குள் யாபேஸ் பிறந்துவிட்டான். கேரியும் கூட்டாளியான டாக்டர் ஜான் தாமஸும் வீட்டுக்கு வந்து மறுபடி கேட்டார்கள். மறுபடியும் மாட்டேன் என்றாள். தாமஸ் தனியாகத் திரும்பப் போய், வராவிட்டால் குடும்பம் என்றைக்கும் பிரிந்துபோகும், பிறகு வருந்துவாய் என்று பேசி அவளைச் சம்மதிக்க வைத்தார். தங்கை கிட்டி கூட வந்தால் வருகிறேன் என்றாள். அவ்வளவுதான், அவசர அவசரமாக மூட்டை கட்டினார்கள். இதைச் சம்மதம் என்று நான் சொல்ல மாட்டேன். பயத்தினால் வந்த சரி அது. கேரியின் அழைப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழைப்பு வீட்டுக்குள் வரும்போது முடிவாகியே வந்தது, அவளிடம் கேட்டு வரவில்லை.

1793 ஜூன் 13-ந் தேதி டேனிஷ் கப்பலில் ஏறி, ஐந்து மாதம் கழித்து நவம்பர் 11-ல் கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். கையிருந்த பணம் சீக்கிரமே கரைந்தது. வீடு மாற்றி வீடு மாற்றி, கடைசியில் புலி நடமாடும் சுந்தரவனக் காட்டோரம் போனார்கள். டாரதிக்கும் பெலிக்ஸுக்கும் இரத்த பேதி. பையன் சாவின் விளிம்புக்குப் போய்த் திரும்பினான். அங்கே அவர்களுக்கு இடம் கொடுத்த ஆங்கிலேயரை கிட்டி விவாகம் செய்து அங்கேயே தங்கிவிட்டாள். மால்டா பக்கம் மதனாவதியில் அவுரிச் சாயத் தொழிற்சாலையில் கேரிக்கு வேலை கிடைத்து, மூன்று வாரம் படகில் போனபோது, எந்தத் தங்கையை நம்பிக் கப்பலேறினாளோ அந்தத் தங்கை கூட இல்லை.

1794 அக்டோபரில் ஐந்து வயது பீட்டர் பேதியில் மரித்தான். கேரியும் ஜுரத்தில் கிடந்தார். சாதித் தீட்டுக்குப் பயந்து குழி வெட்ட ஆள் வரவில்லை. கடைசியில் நாலு இஸ்லாமியச் சகோதரர்கள் சேர்ந்து வெட்டிக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு டாரதி பழைய டாரதியாக இல்லை. 1795 தொடங்கி, தன் புருஷன் வேறு பெண்களோடு தொடர்பு வைத்திருக்கிறார் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் வெளியே போனால் பின்னாலேயே போனாள். ஜனங்கள் பார்க்கத் தெருவில் கூச்சல் போட்டாள், வாயில் வராத வார்த்தைகள் வந்தன. அவர் உயிருக்கே ஆபத்து வரும்படியும் நடந்தாள். அவர் குற்றமற்றவர் என்பது கூட இருந்தவர்களுக்கெல்லாம் தெரியும். அவளுக்கு மட்டும் அது புரியவில்லை, புரியவைக்கவும் முடியவில்லை.

பிரியமானவர்களே, இதற்குப் பெயர் உண்டு. நம் ஜனங்கள் சந்தேக நோய் என்கிறார்கள். 1992-ல் டாரதியின் வாழ்க்கையைத் தனி நூலாக எழுதிய ஜேம்ஸ் பெக் என்பவரும் இந்த வகை நோய் என்றே தீர்மானிக்கிறார். சாதாரணப் பொறாமைக்கும் இதற்கும் வித்தியாசம் என்னவென்றால், பொறாமைக்காரிக்கு அத்தாட்சி காட்டினால் கொஞ்சமாவது அடங்குவாள். இந்த நோயாளிக்கு அத்தாட்சி காட்டக் காட்ட சந்தேகம் பெருகும். புருஷன் சிரித்தாலும் ஆதாரம், சிரிக்காவிட்டாலும் ஆதாரம். மற்ற விஷயங்களில் தெளிவாகப் பேசுவதால், வேணுமென்றே செய்கிறாள் என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். இழப்பு மட்டுமே இதைக் கொண்டுவந்தது என்று சொல்ல முடியாது, மூளையின் கோளாறும் சேர்ந்திருக்கும். ஆனால் அடிமேல் அடி விழுந்த மனசு, தாங்குவதற்கு ஒரு மனுஷரும் இல்லாமல் அந்நிய தேசத்தில் கிடந்தது.

இப்போது போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, சண்டை போடுகிற கணவனை எல்லாம் நார்சிசிஸ்ட் என்றும் மனைவியை எல்லாம் டாக்சிக் என்றும் முத்திரை குத்துகிறார்கள். தன்னையே பூஜிக்கிறவன் என்று கேரியைச் சொல்கிறவர்களும் உண்டு. நான் ஏற்கவில்லை. தன்னையே பூஜிக்கிறவன் பன்னிரண்டு வருஷம் இப்படிப்பட்ட வேதனையைச் சுமக்க மாட்டான். பைத்தியக்கார விடுதிக்கு அனுப்பச் சொன்னார்கள், அனுப்பவில்லை. அந்நாளைய விடுதிகளின் நிலை அப்படி. ஆனால் பிள்ளைகளைக் கவனித்தாரா என்றால், இல்லை. செராம்பூருக்கு வந்த ஹன்னா மார்ஷ்மன் அம்மையார் கண்டது, கேட்பாரில்லாமல் முரடாக வளர்ந்த நாலு பையன்களை. அவர்களை அன்போடு திருத்தி எடுத்தவர் அச்சகத்துச் சகோதரன் வில்லியம் வார்ட்.

செராம்பூர், நம்ம தரங்கம்பாடியைப் போலவே அன்றைக்கு டேனிஷ் ஆட்சியில் இருந்த ஊர். 1800-ல் குடும்பம் அங்கே போயிற்று. அந்த வருஷம் டிசம்பர் 28-ந் தேதி ஹூக்ளி நதியில் கிருஷ்ண பால் என்ற தச்சர் ஞானஸ்நானம் எடுத்தார், கூடவே பெலிக்ஸும் எடுத்தான். ஏழு வருஷக் காத்திருப்புக்குக் கிடைத்த முதல் கனி! அதே நாளில், சந்தோஷம் தாங்காமல் புத்தி பேதலித்த டாக்டர் தாமஸ் ஒரு பக்கம் அடைக்கப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தார். மறுபக்கம் டாரதி தன் அறைக்குள் அடைந்து கிடந்தாள். அறைக்கு வெளியே மொழிபெயர்ப்பு நடந்தது. 1801-ல் வங்காளப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது.

பிசாசு என்று சொல்லி ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெபிக்க வேண்டாம் என்று நான் சொல்வேனா? ஆனால் சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் அனுப்பியது அப்பமும் தண்ணீரும் தூக்கமும்தான். டாரதிக்கு அன்று மருந்து இல்லை. இன்று உண்டு, 1950-களிலிருந்து உண்டு. பீட்டர் மரித்த அதே 1794-ல்தான் நம் சென்னையில், புரசைவாக்கத்தில், கம்பெனி டாக்டர் வாலன்டைன் கனோலி மனநோயாளிகளுக்கு ஒரு விடுதி திறந்தார். அதுவே பின்னால் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி ஆயிற்று. திருவேற்காட்டிலிருந்து பூந்தமல்லி ஹைரோட்டில் போனால் எவ்வளவு தூரம்? ஆனாலும், கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொன்னாலே பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும் என்று கதவைச் சாத்தி வைக்கிற விசுவாசிகள் இருக்கிறார்கள். கட்டிவைப்பதும் சங்கிலி போடுவதும் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டப்படி குற்றம். நேரில் போகக் கூச்சமானால் 14416 என்ற அரசு டெலிமானஸ் எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் வாதாடாதீர்கள். நான் அப்படிச் செய்யவில்லை என்று நூறு தரம் சத்தியம் பண்ணுவதாலும் பிரயோஜனமில்லை, ஆமாம் என்று ஒத்து ஊதுவதும் ஆகாது. உனக்கு எவ்வளவு வேதனையாக இருக்கும் என்று மட்டும் சொல்லி, தூக்கமில்லை என்றாவது காரணம் காட்டி டாக்டரிடம் கூட்டிப் போங்கள். கத்தியோ அரிவாளோ கைக்கு எட்டாமல் வையுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள சபையில் ஒரு வார்ட் எழும்பட்டும்.

டாரதி அம்மாள் 1807 டிசம்பர் 8-ந் தேதி ஜுரத்தில் மரித்தாள். வயது 51. அதே வருஷம் பெலிக்ஸ் பர்மாவுக்கு ஊழியத்துக்குப் போனான். 1814-ல் படகு கவிழ்ந்து அவன் மனைவியும் பிள்ளைகளும் மாண்டார்கள். அதன்பின் அவன் மனம் உடைந்து சில வருஷம் அலைந்து திரிந்தான். 1818-ல் அவனைக் கண்டுபிடித்து செராம்பூருக்குத் திரும்பக் கூட்டி வந்ததும் அதே வார்ட்தான்.

கேரி 1808 மே மாதம் சார்லட் ரூமர் என்ற டேனிஷ் சீமாட்டியை மணந்தார். ஆறு மாதம்கூட ஆகவில்லையே என்று சக ஊழியர்கள் முதலில் முறுமுறுத்தார்கள். படித்தவள், பல பாஷை அறிந்தவள். பதின்மூன்று வருஷம் சமாதானமாக வாழ்ந்தார்கள். அவளும் போனபின் மூன்றாவதாகவும் ஒரு விவாகம் செய்தார். 1834 ஜூன் 9-ல் கேரி மரித்தபோது, தன்னைச் சார்லட்டின் பக்கத்தில் அடக்கம் செய்யும்படி உயில் எழுதி வைத்திருந்தார். அப்படியே செய்தார்கள்.