படம் எடுத்தவர் பெயர்

லண்டனில் 1920-ல் பிறந்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின், அங்கே கிங்ஸ் கல்லூரியில் எக்ஸ்-கதிர் கொண்டு டி.என்.ஏ.வை ஆராய்ந்தவர். 1952 மே மாதம் அவர் மேற்பார்வையில் மாணவர் ரேமண்ட் காஸ்லிங் எடுத்ததுதான் புகழ்பெற்ற 51-ம் எண் படம்.

1953 ஜனவரியில் சக விஞ்ஞானி வில்கின்ஸ், அம்மையாரைக் கேட்காமலே அதை வாட்சனிடம் காட்டினார். அவருடைய அளவுகள் அடங்கிய அறிக்கையும் வாட்சன், கிரிக் கைக்குப் போனது. ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரட்டைச் சுருள் வெளிவந்தது. அவர்கள் கட்டுரையில் அம்மையாருக்குக் கிடைத்தது, பட்டும் படாமலும் ஒரு நன்றி. அதே இதழில் வந்த தம் கட்டுரையில் அம்மையாரோ, மாணவர் காஸ்லிங் பெயரையும் தம் பெயரோடு போட்டார்.

1958-ல், 37 வயதில் மறைந்தார். 1962-ல் நோபல் பரிசு வாட்சன், கிரிக், வில்கின்ஸ் மூவருக்கும் போச்சு.

தம்பி, தங்கைகளே! ப்ராஜெக்டில அடுத்தவர் எடுத்த ரீடிங்கைச் சேர்த்தா, பக்கத்திலேயே அவர் பேரையும் எழுதிடுங்க.