குதிரைக்கு லாடம் செய்து சொத்தை இழந்தவர்

எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம் சாலைகளில் இன்று லாரிகள் ஓடுகின்றன. ஒரு காலத்தில் சென்னைத் தெருக்களில் ஜட்கா வண்டிகள் ஓடின. அந்தக் குதிரை நொண்டினால், வண்டிக்காரர் வீட்டில் அடுப்பு எரியாது!

குதிரைக்குக் காலே உயிர். அந்தக் காலைக் காக்கத் தன் சொத்தையே செலவிட்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் வில்லியம் மூர்கிராப்ட்.

மாட்டு நோய் காட்டிய வழி

மூர்கிராப்ட், இங்கிலாந்தில் 1767-ம் ஆண்டு பிறந்தார். லிவர்பூல் நகரில் மருத்துவம் படித்தார். அப்போது மாடுகளிடையே கொள்ளை நோய் பரவியது. அவற்றைக் கவனிக்க அவர் அனுப்பப்பட்டார். அவருடைய வாழ்க்கை திசை திரும்பியது.

அந்த நாளில் குதிரை வைத்தியம் லாடம் அடிப்பவர்களின் கையில் இருந்தது. படித்தவர்கள் அதைக் கௌரவக் குறைவு என்று நினைத்தார்கள். மூர்கிராப்ட் தயங்கவில்லை. பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் சென்று கால்நடை மருத்துவம் பயின்றார். 1792-ல் லண்டனில் தொழில் தொடங்கினார். பணம் குவிந்தது.

உள்ளங்கால் வலி

குதிரையின் குளம்பு நம் நகத்தைப் போன்றது. அதன் சுற்றுச்சுவர் உறுதியானது. அதில் ஆணி அடித்தால் வலிக்காது. ஆனால் அடிப்பாகமாகிய உள்ளங்கால் அப்படி அல்ல. கரடுமுரடான சாலையில் அது தேயும். ஈரத்தில் நின்றால் ஊறி மெலியும். லாடம் கட்டுபவர் கத்தியால் அதிகமாகச் சீவினாலும் மெலிந்துவிடும். பிறகு சிறு கல் பட்டாலும் குதிரை துடிக்கும்!

தட்டையான லாடம் அந்த மெல்லிய உள்ளங்காலை அழுத்தும். லாடத்தின் உட்புறத்தைச் சற்றே குழித்துவிட்டால், பாரம் சுவரில் நிற்கும், உள்ளங்கால் தப்பிக்கும். ஆஸ்மர் என்பவர் இதை முன்பே சொல்லியிருந்தார். மூர்கிராப்ட் 1800-ல் லாடம் பற்றி ஒரு நூல் எழுதி, இந்த முறையை வலியுறுத்தினார். இயந்திரத்தில் லாடங்களைச் செய்யவும் முனைந்தார். அந்த முயற்சியில் சேர்த்த செல்வம் கரைந்தது.

இந்தியாவுக்கு வந்தார்

1808-ல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரை அழைத்தது. பீகாரில் உள்ள பூசாவில், ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கும் பண்ணைக்குத் தலைவரானார். குதிரைத் தீனிக்காக அங்கே ஓட்ஸ் பயிரிட்டார்.

நல்ல இனக் குதிரைகளைத் தேடி 1812-ல் இமயமலையைத் தாண்டி, மானசரோவர் ஏரி வரை சென்றார். இந்து யாத்திரிகரைப் போல் வேடம் பூண்டு சென்றார்! 1819-ல் மீண்டும் புறப்பட்டார். லடாக், காஷ்மீர், காபூல் வழியாக 1825-ல் பொகாரா நகரை அடைந்தார். அவர் எதிர்பார்த்தபடி குதிரைகள் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில், அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், ஆப்கானிஸ்தானத்தின் அந்த்கோய் என்ற ஊரில் காய்ச்சலால் இறந்தார். அப்போது அவருக்கு வயது 58.

நாம் செய்ய வேண்டியது

ஜட்காக்கள் மறைந்துவிட்டன. ஆனால் மெரினா கடற்கரையில் இன்றும் சவாரிக் குதிரைகள் உண்டு. குதிரை கல்லில் கால் வைக்கத் தயங்கினால், குளம்பு சுட்டால், அதை வேலை வாங்கக்கூடாது. உள்ளங்காலைச் சீவக்கூடாது. உலர்ந்த, மெத்தென்ற தரையில் ஓய்வு தர வேண்டும். கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வாயில்லாப் பிராணி தன் வலியைச் சொல்லாது. அதன் நடையே சொல்லும். அதைப் புரிந்துகொண்டவர் மூர்கிராப்ட்!