முதல் நிமிடத்துக்கு மார்க் போட்டவர்

குழந்தை பிறந்த உடனே ஒரு பரீட்சை காத்திருக்கிறது! நேரம் ஒரு நிமிடம். பாடங்கள் ஐந்து. மொத்த மார்க் பத்து.

இந்தப் பரீட்சையை ஏற்படுத்தியவர், அமெரிக்க நாட்டு லேடி டாக்டர் வர்ஜீனியா ஆப்கார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், ஊரார் பெற்ற பிள்ளைகளுக்காகவே உழைத்தார்.

பூனை பிடித்த மாணவி

1909-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி, நியூஜெர்சி மாநிலத்து வெஸ்ட்பீல்டு என்ற ஊரில் ஆப்கார் பிறந்தார். வீட்டில் கடைக்குட்டி. மூத்த அண்ணன் சிறுவயதிலேயே காசநோயால் இறந்துவிட்டார். இன்னொரு அண்ணனும் ஓயாத நோயாளி. ஆப்கார் பள்ளிப் பருவத்திலேயே டாக்டராவது என்று முடிவு செய்தார்.

கல்லூரிச் செலவுக்காகப் பல வேலைகள் பார்த்தார். ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பூனை பிடித்துக் கொடுத்ததும் அவற்றில் ஒன்று! 1933-ல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

ஆபரேஷன் செய்யும் டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால், அந்தத் தொழிலில் பெண்கள் பிழைப்பது அப்போது கடினம். நாட்டிலோ பணமுடை, அவருக்கோ படிப்புக் கடன். தலைமை டாக்டர் விப்பிள், மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி யோசனை சொன்னார். அந்தக் காலத்தில் மயக்க மருந்து கொடுத்தவர்கள் பெரும்பாலும் நர்சுகளே. ஆப்காரும் முதலில் நர்சுகளோடு சேர்ந்து அந்த வேலையைக் கற்றார். 1938-ல் அந்தப் பிரிவுக்கே தலைவரானார். 1949-ல், கொலம்பியா மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார்.

கவனிப்பார் இல்லாத குழந்தை

தாய்மார்களுக்கு மயக்க மருந்து கொடுக்கப் பிரசவ அறைக்குப் போனவரின் கண்ணில் ஒரு குறை பட்டது. எல்லாருடைய கவனமும் தாயின் மேல். குழந்தையைத் துணியில் சுற்றி ஒதுக்கமாக வைத்துவிடுவார்கள். மூச்சுத் திணறிய சில குழந்தைகளைப் பிழைக்காது என்று கைவிட்டதும் உண்டு. குழந்தை நலமா, இல்லையா என்று அளக்கப் பொதுவான அளவுகோல் இல்லை. ஆளுக்கு ஒரு கணக்கு!

1949-ல் ஒருநாள் காலை, ஆஸ்பத்திரி சிற்றுண்டிச் சாலையில் மாணவர் ஒருவர் அவரிடம் இதைப்பற்றியே கேட்டார். ஆப்கார் கையில் கிடைத்த காகிதத்தை எடுத்தார். ஐந்தே குறிப்புகள் எழுதினார். பிறகு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் அதைச் சோதித்துப் பார்த்து, 1953-ல் உலகுக்கு வெளியிட்டார்.

ஐந்து கேள்விகள்

இதயம் நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் துடிக்கிறதா? மூச்சு சீராக வந்து, குழந்தை நன்றாக அழுகிறதா? கைகால்களை மடக்கி அசைக்கிறதா? பாதத்தைத் தட்டினால் முகம் சுளித்து வீறிடுகிறதா? உடம்பில் நீலம் பூத்திருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 மார்க். ஏழும் அதற்கு மேலும் வந்தால் நல்லது. நான்கு முதல் ஆறு என்றால் கூடுதல் கவனம் தேவை. மூன்றும் அதற்குக் கீழும் ஆபத்து! ஐந்தாவது நிமிடத்தில் மறுபடியும் மார்க் போடுவார்கள்.

இதற்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் கையும் போதும். பிரசவம் பார்த்தவரே மார்க் போடக்கூடாது என்றும் ஆப்கார் கருதினார். தம் கையால் பிறந்த குழந்தைக்குத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள் அல்லவா? அதனால் அந்தப் பொறுப்பு அருகில் நிற்கும் இன்னொருவருக்கு வந்தது. அநேக ஆஸ்பத்திரிகளில் அவர் ஒரு நர்ஸ்.

மார்க் குறைந்தால்?

மார்க் குறைந்தால் பெற்றோர் கலங்க வேண்டாம். முதல் நிமிடத்தில் முழு மார்க் வாங்கும் குழந்தை அபூர்வம். பிறந்ததும் கை, கால் சற்று நீலமாக இருப்பது சகஜம். கறுத்த நிறக் குழந்தை என்றால் உதட்டையும் நாக்கையும் பார்ப்பார்கள். இந்த மார்க் பிற்கால அறிவைக் காட்டும் ஜோசியம் அல்ல. குழந்தை மூச்சுவிடத் திணறினால், நர்சும் டாக்டரும் மார்க்குக்காகக் காத்திருக்கவும் மாட்டார்கள். உடனே சிகிச்சை தொடங்கிவிடும்.

ஓயாத உழைப்பு

ஐம்பது வயதில் ஆப்கார் மீண்டும் படித்தார். 1959-ல் பொதுச் சுகாதாரப் பட்டம் பெற்று, மார்ச் ஆப் டைம்ஸ் என்ற அறநிலையத்தில் சேர்ந்தார். பிறவிக் குறைகளைத் தடுப்பது அவர் வேலையாயிற்று. கர்ப்பிணிக்கு ருபெல்லா அம்மை கண்டால், குழந்தையின் கண், காது, இதயம் கெடலாம். அதற்குத் தடுப்பூசி தேவை என்று ஊர் ஊராகச் சென்று பேசினார்.

எங்கே போனாலும் பேனாக்கத்தியும், மூச்சுக் குழாயும் கூடவே போகும். வழியில் யாருக்காவது மூச்சு நின்றால் உதவுவதற்காக!

ஓய்வு நேரத்தில் வயலின் போன்ற வாத்தியங்களைத் தம் கையாலேயே செய்தார். ஆஸ்பத்திரி டெலிபோன் கூண்டில் இருந்த ஒரு பலகை நல்ல மரம் என்று தெரிந்தது. தோழியோடு சேர்ந்து இரவோடு இரவாக அதைக் கழற்றி, வேறு பலகையைப் பொருத்திவிட்டார். அந்தப் பலகையும் வாத்தியம் ஆயிற்று!

1974-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, நியூயார்க்கில் ஆப்கார் காலமானார். வயது 65. 1994-ல் அமெரிக்க அரசாங்கம் அவர் படம் போட்ட தபால்தலை வெளியிட்டது.

அவர் இட்ட வழக்கம் மட்டும் நிற்கவில்லை. இன்றும் குழந்தை பிறந்ததும் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிறகு குழந்தையைப் பார்க்கிறார். அன்று துணியில் சுற்றி ஒதுக்கி வைத்தார்களே, அந்தக் குழந்தையை!