துறைமுகக் கணக்கர் இராமானுஜன்

அறிவியலறிஞர் ஒருவரின் வரலாற்றைச் சுருக்கி எழுதுமாறு மாணவரைப் பணித்தால், பலரும் கணிதமேதை சீனிவாச இராமானுஜனையே தேர்ந்துகொள்வர். எழுதப்படுவதும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஏழ்மையில் பிறந்தார், நாமகிரித் தாயார் கனவில் வந்து கணக்குரைத்தாள், கேம்பிரிட்ஜ் சென்றார், இளமையிலேயே மறைந்தார். நான்கு வரிகளில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். தாயாரிடம் அவர் கொண்ட பக்தி மெய்யே. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், கனவுக்கும் கப்பலுக்கும் இடையே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அந்நான்கு வரிகள் சொல்வதில்லை. இராயபுரத்து மாணவருக்கோ அந்த இடைப்பகுதி காலாற நடந்து சென்று காணத்தக்க தொலைவிலேயே நிகழ்ந்திருக்கிறது.

1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர் இராமானுஜன். தந்தையார் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதியவர். பள்ளிப் பருவத்தின் முடிவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூல் அவர் கைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான தேற்றங்களை அடுக்கி, நிறுவல்களைப் பெரும்பாலும் விட்டுச்சென்ற நூல் அது. அந்நூலில் ஆழ்ந்தவர் பிற பாடங்களை மறந்தார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1909இல் ஜானகியை மணந்தபோது அவரிடம் பட்டமும் இல்லை, வேலையும் இல்லை. நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் அளித்த 25 ரூபாயில் சில காலம் கழிந்தது. பிறர் உதவியிலேயே வாழ்வதை அவர் விரும்பவில்லை. 1912 தொடக்கத்தில் தலைமைக் கணக்காயர் அலுவலகத்தில் 20 ரூபாய்க்குத் தற்காலிகமாகச் சில வாரங்கள் பணியாற்றிவிட்டு, பிப்ரவரி 9ஆம் நாள் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்திற்கு விண்ணப்பித்தார். மார்ச் முதல் நாள் கணக்குப் பிரிவில் எழுத்தராக அமர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய்.

கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்னும் பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த எஸ். நாராயண ஐயர் தாமே கணிதம் பயின்றவர். இந்தியக் கணிதக் கழகத்தின் பொருளாளர். அலுவல் முடிந்த மாலைகளில் இருவரும் சிலேட்டுகளுடன் அமர்ந்து கணக்கிடுவர். இராமானுஜன் படிகளைத் தாவித் தாவிச் செல்வார். இடைப்படிகளையும் எழுதிக் காட்டுமாறு ஐயர் வற்புறுத்துவார். மேலதிகாரி ஒருவர் தமக்குக் கீழுள்ள எழுத்தரிடம் மாணவராக அமர்ந்த காட்சி அது. அந்நாளைய அலுவலகப் படிநிலைகளை அறிந்தோர்க்கு அதன் அருமை புரியும்.

ஜார்ஜ் டவுனில் சைவ முத்தையா முதலி தெருவில் அவர் குடியிருந்தார். 30 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்குத் தாள் அரும்பொருள். சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதி, இறுதி முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் தேற்றங்கள் இருந்து நிறுவல்கள் இல்லாமற் போனதற்குக் காரின் நூல் பழக்கிய முறை ஒரு காரணம். தாளின் விலை மற்றொரு காரணம். அந்தச் சிக்கனத்தை ஈடுசெய்யப் பிற்காலக் கணித அறிஞர்கள் பல பத்தாண்டுகள் உழைத்தனர். புரூஸ் பெர்ன்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் நிறுவல்களைத் திரட்டி வெளியிட்ட ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வந்தன.

1913 ஜனவரி 16 அன்று துறைமுக முகவரியிலிருந்து கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகறிந்தது. அதில் தம் வயதை ஏறத்தாழ 23 எனக் குறித்தார். உண்மையில் அப்போது அவருக்கு வயது 25. ஆண்டுச் சம்பளம் 20 பவுன் என்றார். மாதம் 30 ரூபாயை அன்றைய மாற்று வீதத்தில், அதாவது பவுனுக்கு 15 ரூபாய் என்று கணக்கிட்டால், 24 வருகிறது. முடிவிலித் தொடர்களைக் கையாண்டவர் சொந்தச் சம்பளத்தில் இவ்வளவு தாராளம் காட்டியிருக்கிறார்! வரலாறு எழுதப் புகும் மாணவர் நாயகரின் கைப்பட எழுதிய கடிதத்தையே சான்றாகக் கொண்டாலும், பிறந்த ஆண்டு பிழைபட்டுவிடும்.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. சென்னைப் பல்கலைக்கழகம், அவர் பட்டம் பெறாதவர் என்ற தடையையும் கடந்து, 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. துறைமுக மேசையில் அவர் அமர்ந்திருந்தது பதினான்கு மாதங்களே. 1914 மார்ச் 17 அன்று 'நெவாசா' கப்பல் அவரை ஏற்றிச் சென்றது. 1918இல் இராயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1919இல் நோயுடன் திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

இவ்வாழ்க்கையின் துணுக்குகள் சிதறிப் போகாமல் காத்தவர்களுள் ஒருவர், துறைமுகத்தை அடுத்த முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன். கடிதங்களையும், நேரில் பழகியோரின் நினைவுகளையும் தேடித் திரட்டினார். 1968இல் அவை நினைவு மலராக இரு தொகுதிகளில் வெளிவந்தன. வெளியிட்டது பெரிய பதிப்பகம் எதுவுமன்று. அப்பள்ளியின் எண் நண்பர் கழகத்தைச் சார்ந்த பழைய மாணவர்கள். 1993இல் இராயபுரத்தில் இராமானுஜன் அருங்காட்சியகம் உருவானதும் அவ்வாசிரியரின் முயற்சியால்தான்.